பனிக்கட்டிக் கிடங்கின் கதவு

"அக்கா, நான் விழுந்தால் படம் எடுக்காமல் கையைத் தாங்கோ" என்றான் கஜீவன்.

சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் கால்கள் இரண்டும் வானத்தைப் பார்த்தன.

மொன்றியலில் காலையிலிருந்து உறைமழை. வானத்தில் இருக்கும்வரை தண்ணீர், தரையைத் தொட்டதும் கண்ணாடி. லஷீன் கால்வாய்க் கரையில் நின்ற மரங்கள் கிளைக்குக் கிளை கண்ணாடி உறை போட்டுக்கொண்டு, காற்றடிக்கும்போதெல்லாம் கலகலத்தன. நடைபாதையில் ஒரு குருவிக்குக்கூட நிலையாக நிற்க இடமில்லை.

செலீன் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். பல வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காகப் பொய் விபத்துகளைத் தேடிப் பிடித்தவள் அவள். இப்போது பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். கஜீவன் அவளுடைய உதவியாள். அவனுக்கு இரண்டு வேலை: கார் ஓட்டுவது, வாயாடுவது. சம்பளம் முதலாவதற்கு மட்டும்.

"இதுதான் இடம்" என்றாள் செலீன்.

எதிரே சாம்பல் நிறக் கருங்கல்லில் கட்டிய பழைய கட்டடம். சன்னல்கள் குறைவு, சுவர்கள் கோட்டைச் சுவர் மாதிரி. குளிர்சாதனப் பெட்டி கண்டுபிடிப்பதற்கு முந்திய காலத்தில், மாரியில் ஆற்றிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கோடைவரை கரையாமல் வைத்திருந்த கிடங்கு அது. பிற்பாடு யாரோ உள்ளே மரப்பலகை அடித்து, பித்தளைக் கம்பி பூட்டி, மதுச்சாலையாக்கிவிட்டார்கள். வாசலில் தொங்கிய பலகையில் 'லா கிளஸியேர்' என்று பெயர். பனிக்கட்டி வீடு.

இங்கேதான் யோசெப் வேலை செய்தான். மன்னார்ப் பக்கத்துப் பெடியன், கலியாணம் ஆகாதவன், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். சில நாட்களுக்கு முன்பு ஒரு பின்னேரம் இதே கட்டடத்தின் நிலவறையில், பியர்ப் பீப்பாய்களுக்கு நடுவில் இறந்து கிடந்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது, பியருக்குள் ஏற்றுகிற கரியமில வாயுவின் குழாய் கழன்று அறையை நிரப்பிவிட்டது, விபத்து என்று முடிவாயிற்று. அவனுடைய அக்கா ஜென்சி மட்டும் அதை நம்பவில்லை.

"அவன் கொஞ்ச ஞாயிறாய் நற்கருணை வாங்கேல்லை" என்று அவள் செலீனிடம் சொல்லியிருந்தாள். "பூசைக்கு வருவான், குனிஞ்சபடி இருப்பான், எழும்பிப் போகமாட்டான். பாவம் செய்துபோட்டனெண்டு நினைக்கிறவன்தான் அப்பிடி வாங்காமல் இருப்பான். என்னவோ ஒண்டு அவன்ர நெஞ்சிலை கிடந்தது. சாகிற அண்டைக்குக் காலமை மட்டும் சிரிச்சுக்கொண்டு வந்து, 'அக்கா, இந்த ஞாயிறு வாங்குவன்' எண்டான். அப்பிடிச் சொன்னவன் கதவைக் கவனிக்காமல் சாவானோ?"

இன்று காலை தனியாக எங்கோ போய்வந்ததிலிருந்து செலீன் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அலைந்தாள்: வேலை முடிந்து யோசெப்பை வீட்டுக்குக் காரில் கொண்டுபோய் விட்டது யார்? ஏன் அந்தக் கேள்வி என்று கஜீவனுக்கு அவள் இன்னும் சொல்லவில்லை. கேட்டால், "பேந்து சொல்லுறன்" என்பாள்.

உள்ளே ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. முதலாளி மார்செல் மதுமேடைக்குப் பின்னால் நின்று, ஏற்கெனவே பளபளத்த கண்ணாடிக் குவளையை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, வெள்ளை மீசை, சிரிப்பென்பது மருந்துக்கும் இல்லை.

"பொலிஸ் வந்து பார்த்தாயிற்று, அம்மணி" என்றார் பிரெஞ்சில். "கீழே யாரும் போவதில்லை. அன்றிலிருந்து போத்தல் பியர்தான் விற்கிறேன். எதையும் தொடவேண்டாம் என்று என் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்."

"நான் தொடமாட்டேன். தம்பி இறந்த இடத்தை அவனுடைய அக்காவுக்காக ஒருமுறை பார்க்கவேண்டும்" என்றாள் செலீன், அவரைவிடச் சுத்தமான பிரெஞ்சில்.

மார்செல் அவளை நெடுநேரம் பார்த்தார். போகச் சொல்லவுமில்லை, வேண்டாமென்று தடுக்கவுமில்லை. பனியை உருக்கத் தூவும் உப்பு வாளியை மூலையிலிருந்து தூக்கிக்கொண்டு வெளியே நடைபாதைக்குப் போய்விட்டார்.

"இந்த ஆள்தான் அக்கா" என்றான் கஜீவன் மெதுவாக. "முகத்தைப் பார்த்தியளோ? உப்பே உறைஞ்சு போயிருக்கும்."

"முகத்தை வைச்சுப் பிடிக்கிறதெண்டால் உம்மைத்தான் முதல் பிடிக்கவேணும். வாரும்."

சமையலறையில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு வேறு மாதிரி. தலைமைச் சமையல்காரர் இரவிச்சந்திரன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். கண்ணோரம் சிரிப்புச் சுருக்கம்.

"வாங்கோ, வாங்கோ. ஜென்சிப் பிள்ளை சொன்னவ, நீங்கள் வருவியள் எண்டு." கேட்காமலே இஞ்சி போட்ட தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். "யோசெப் எனக்குக் கூடப்பிறக்காத தம்பி. அவனைத் தூக்கின கை இது. இப்பவும் நடுங்குது, பாருங்கோ."

கை உண்மையாகவே நடுங்கியது.

"அண்டைக்கு என்ன நடந்தது அண்ணை?" என்றாள் செலீன்.

"பின்னேரம் எலுமிச்சம்பழம் முடிஞ்சு போச்சு. மூலையிலை இருக்கிற டெப்பனர்க் கடைக்கு ஓடினன். கடைக்குள்ளை நிக்கேக்கை, கீழையிருந்து யோசெப் போன் அடிச்சவன். 'அண்ணை, நான் பீப்பா மாத்திக்கொண்டு நிக்கிறன், வரேக்கை எனக்கு ஒரு சொக்கிளேற்றும் வாங்கி வாங்கோ' எண்டான். பொலிசுக்கும் அந்த அழைப்பைக் காட்டினனான். கடைக் கமராவிலையும் நான் கதைச்சுக்கொண்டு நிக்கிறது கிடக்கு. சொக்கிளேற்றோடை திரும்பி வந்தால்..." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேலை முடிய யோசெப்பை ஆர் வீட்டை கொண்டுபோய் விடுறது?"

"மெட்ரோதான். அவனும் மெட்ரோ, நானும் மெட்ரோ. உந்தப் பனிக்குள்ளை ஆர் கார் வைச்சு மாரடிக்கிறது?"

கஜீவனின் கண் அவருடைய இடுப்பில் நின்றது. ஏப்ரன் நாடாவுக்குப் பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து. அதில், குளிர்நாளில் வீட்டுக்குள் இருந்தபடியே காரைச் சூடாக்க அழுத்துகிற சின்னக் கருவி.

"அண்ணை, மெட்ரோவையும் தூரத்திலை நிண்டே ஸ்டார்ட் பண்ணலாமோ?" என்றான். "எனக்கும் உப்பிடி ஒண்டு எடுத்துத் தாங்கோ."

இரவிச்சந்திரன் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. "இது மச்சான்ர கார்த் திறப்பு. கார் லவால்லை அவற்றை வீட்டிலை கிடக்குது." பிறகு செலீன் பக்கம் திரும்பி, "கீழை பார்க்கப்போறியளோ? வாங்கோ, காட்டுறன்" என்றார்.

கல்லுப் படிகள் வளைந்து வளைந்து இறங்கின. கீழே ஒரு குறுகிய நடை. சுவரோரம் ஆளுயர வாயு சிலிண்டர் ஒன்று சங்கிலியில் கட்டி நின்றது. அதிலிருந்து புறப்பட்ட குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. நடையின் முடிவில் அந்தக் கதவு. ஒரு முழத் தடிப்பு, உள்ளுக்குத் தக்கை அடைத்த மரக்கதவு. அன்றைக்குப் பனிக்கட்டி கரையாமலிருக்கச் செய்தது. உள்பக்கக் கைப்பிடி எப்போதோ உடைந்து, ஓட்டை மட்டும் மிச்சமிருந்தது.

"உந்தக் கதவு தானாய்ச் சாத்துப்படும். அதுக்குத்தான் இந்தக் கல்" என்று இரவிச்சந்திரன் காலால் காட்டினார். பனித்தரையில் சறுக்கவிட்டு விளையாடுகிற, கைப்பிடி வைத்த கருங்கல் குண்டு. "அண்டைக்கு அவன் இதை வைக்க மறந்துபோனான். நீங்கள் மறக்காதேயுங்கோ. எனக்கு அடுப்பிலை எண்ணெய் கிடக்குது, போட்டு வாறன்."

அவர் மேலே ஏறிப் போனார். கஜீவன் கல்லை இரண்டு கையாலும் தூக்கினான். முதுகு முறிகிற பாரம். முக்கி முனகிக் கதவடியில் கொண்டுபோய் வைத்தான்.

"இதை விளையாடுறவை மனுசரோ, யானையோ?"

"வடிவா வைச்சீரோ?"

"இனி இந்தக் கதவைச் சாத்திறதெண்டால் கிரேன் வேணும்."

உள்ளே நல்ல குளிர். ஒற்றை மின்குமிழ். அலுமினியப் பீப்பாய்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. தரையில் ஒரு ரப்பர்க் குழாய், வாய் திறந்தபடி, செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. அன்றைக்குக் கழன்றது அதுதான். செலீன் அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கதவின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தாள். மரத்தில் புதிய கீறல்கள். நகத்தால், திறப்பால், எதாலோ கீறியவை. எல்லாமே ஒரு மனிதன் முழங்காலில் நின்றால் எட்டுகிற உயரத்தில்.

"பாவம்" என்றாள்.

கஜீவன் பகிடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போது அந்தக் கல் கீச்சென்று சீமெந்தில் இழுபடும் சத்தம் கேட்டது.

அவன் பாய்ந்தான். கை கதவில் படுவதற்குள் கதவு முகத்துக்கு நேரே வந்து பொம்மென்று பொருந்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. அடுத்த கணம் விளக்கும் அணைந்தது.

"டேய்! ஆரடா அது! திறவடா!"

தக்கையும் மரமும் அவன் குரலை அப்படியே விழுங்கின. தோளால் இடித்தான். சுவரை இடித்த மாதிரி இருந்தது. கைபேசியை எடுத்து வெளிச்சம் போட்டான். செலீனின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவள் கதவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாய் சீறத் தொடங்கியிருந்தது.

"மேலை ஏறும்!" என்றாள். "பீப்பாயிலை ஏறும், கெதியா! உந்த வாயு காத்தைவிடப் பாரம். தரையிலையிருந்துதான் நிரம்பிக்கொண்டு வரும்."

"முதல் குழாயை நிப்பாட்டவேண்டாமோ?"

"திறக்கிற இடம் வெளியிலை. நாங்கள் என்னத்தை நிப்பாட்டுறது?"

கஜீவன் ஒரு கணம் யோசித்தான். வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர்க் குழாயை மகள் மடித்துப் பிடித்துக்கொண்டு அவனை ஏமாற்றுவது நினைவுக்கு வந்தது. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு குனிந்தான். குழாயை இரண்டாக மடித்தான், மடித்ததை மறுபடி மடித்தான், கழுத்துச் சால்வையை உருவி இறுக்கிக் கட்டினான். சீறல் முனகலாகக் குறைந்தது. முற்றாக நிற்கவில்லை. நிமிர்ந்தபோது தலை கிறுகிறுத்தது.

செலீன் அவனைக் கையைப் பிடித்துப் பீப்பாய் அடுக்கில் இழுத்து ஏற்றினாள். இருவரும் கூரையோரம் குந்திக்கொண்டார்கள். முதுகில் கல்லுச் சுவர், தலையில் மர உத்திரம், கீழே இருட்டு. அந்த இருட்டுக்குள் மணமில்லாத, நிறமில்லாத ஒன்று மெதுவாக உயர்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று பார்க்கவும் வழியில்லை.

கஜீவன் கைபேசியை வலப்பக்கம் நீட்டினான், இடப்பக்கம் நீட்டினான். ஒரு கோடுகூட இல்லை. இன்றைக்கு மகளைக் கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்திலிருந்து கூட்டிவரவேண்டியது அவன் முறை. குளிர்ச்சட்டை, தொப்பி, சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு வாசற்கண்ணாடியில் மூக்கை அமுக்கிக்கொண்டு நிற்பாள். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போகப் போக அவள் மட்டும் நிற்பாள்.

"என்ன பேசாமல் இருக்கிறீர்?" செலீனின் குரல் இருட்டில் கேட்டது. "ஏதாவது பகிடி விடும்."

"வரேல்லை அக்கா."

"எனக்குப் பயமாக் கிடக்கு. சும்மா எண்டாலும் ஒண்டு சொல்லும்."

அவள் பயம் என்று சொல்லி அவன் ஒருநாளும் கேட்டதில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டான். "எங்களைப் பீப்பாய்க் கணக்கிலை வித்தாலும், உங்களுக்குத்தான் கூட விலை அக்கா. பழசு."

செலீன் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலானது. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கொஞ்சம் யோசிக்க முடிந்தது.

"கல் தானாய் நடக்காது" என்றாள். "அப்ப யோசெப்பையும் இப்பிடித்தான் அடைச்சிருக்கிறாங்கள். கொலை."

"மார்செல்தான். கீழை போகக்கூடாதெண்டு நிண்ட ஆள்."

"தன்ர கட்டடத்திலை இரண்டாந்தரமும் செத்த உடம்பு கிடந்தால் முதல் ஆரைப் பிடிப்பினம்? மார்செலை. தன்ர கழுத்துக்குத் தானே ஆரும் கயிறு போடுவினமோ? உம்மட போனிலை சிக்னல் இருக்கோ?"

"ஒரு கோடும் இல்லை. எத்தினைதரம் பார்க்கிறது?"

"என்ரையிலையும் இல்லை. இந்தக் கல்லுக்கும் தக்கைக்கும் உள்ளாலை ஒண்டும் வராது." அவள் நிறுத்தினாள். "அப்ப யோசெப் எப்பிடிக் கீழையிருந்து போன் அடிச்சவர்?"

கஜீவன் கைபேசித் திரையை மறுபடி பார்த்தான்.

"ஆனால் அழைப்பு வந்தது உண்மை அக்கா. யோசெப்பின்ர நம்பரிலையிருந்து. பொலிஸ் பார்த்திருக்கு. கமராவிலையும் கிடக்கு, இரவி அண்ணை கையிலை போனோடை..."

"கையிலை ஒரு போன். பொக்கற்றுக்குள்ளை எத்தினை?"

கஜீவன் தன் பொக்கற்றைத் தொட்டுப் பார்த்தான்.

"கீழை வேலை செய்யாத போனை ஆரும் கீழை கொண்டு வருவினமோ?" என்றாள் செலீன். "யோசெப் தன்ர போனை மேலை சமையலறையிலை வைச்சுப்போட்டு வந்திருப்பார். யோசெப் போனுக்குப் பூட்டே போடுறேல்லையெண்டு ஜென்சி சொன்னவ. இரவி அண்ணை கதவைச் சாத்தினார், வாயுவைத் திறந்தார், யோசெப்பின்ர போனை எடுத்துப் பொக்கற்றிலை போட்டுக்கொண்டு எலுமிச்சம்பழம் வாங்கப் போனார். கடைக்குள்ளை நிண்டு தனக்குத்தானே அடிச்சார். திரும்பி வந்து உடம்பைத் தூக்கேக்கை போனைப் பக்கத்திலை வைச்சார்."

"தனக்குத்தானே கதைச்சு, தனக்குத்தானே சொக்கிளேற்றும் வாங்கினவரோ?" கஜீவனுக்கு மூச்சு வாங்கியது. "என்னத்துக்கு?"

"அந்தக் கார்த் திறப்புக்காக. நீர் பகிடியாய்க் கேட்டீர், அவருக்குப் பகிடியாய்ப் படேல்லை. கிறிஸ்மசுக்கு முன்னம் செயின்ட்-மிஷேல் பக்கம் ஒரு கார் வயதான மனுசி ஒருத்தியை இடிச்சுப்போட்டு நிக்காமல் போனது. அந்தக் காருக்குள்ளை யோசெப் இருந்திருக்கிறார். அவருக்கு லைசன்ஸ் இல்லை. அப்ப ஓட்டினது ஆர்? அதைத்தான் தேடி வந்தனான். காலமை ஒரு இடத்துக்குப் போனனான் கஜீவன், அங்கை..."

"அந்த மனுசி செத்துப்போச்சோ?"

பதில் வருவதற்குள் கீழே சால்வை அவிழ்ந்தது. குழாய் சவுக்கு மாதிரித் தரையில் அடித்துக்கொண்டு முழு மூச்சோடு சீறத் தொடங்கியது.

கஜீவன் இறங்கப் போனான். செலீன் அவன் கொலரைப் பிடித்துக்கொண்டாள். "இனி இறங்கினால் ஏறமாட்டீர்!"

"அப்ப இதுக்குள்ளையே இருந்து சாகிறதோ?"

"இது பனிக்கட்டிக் கிடங்கு. வீட்டுப் பெரிசிலை வெட்டின கட்டியை அந்த வளைஞ்ச படியாலையோ இறக்கியிருப்பினம்? வேறை வழி இருக்கும். வெளிச்சத்தை மேலை பிடியும்."

கைபேசி வெளிச்சம் உத்திரங்களைத் தடவிக்கொண்டு போனது. தெருப்பக்க மூலையில், மற்றப் பலகைகளிலும் அகலமான ஒரு சதுரம். கீழிருந்து அதற்குச் சரிவாக ஒரு மரச் சறுக்குப்பலகை. சதுரத்தை இரும்புத் தகடு மூடியிருந்தது.

பீப்பாய்க்குப் பீப்பாய் தவழ்ந்துபோனார்கள். கஜீவன் முதுகைக் கொடுத்துத் தகட்டை உந்தினான். அசையவில்லை. மேலே உறைமழை அதைத் தரையோடு ஒட்டி வைத்திருந்தது. அடுக்கின் மேல் கிடந்த ஸ்பானரைச் செலீன் எடுத்துக் கொடுத்தாள். அவன் அடித்தான். இரும்பில் இரும்பு. காது கிழிகிற சத்தம். கை மரத்துப்போகும்வரை அடித்தான். பிறகு அவள் வாங்கி அடித்தாள். பிறகு மறுபடி அவன். மூச்சு குட்டையாகிக்கொண்டு வந்தது. நெற்றிப்பொட்டில் சம்மட்டி விழுந்தது. ஸ்பானர் ஒருதரம் கைதவறிப் போகப் பார்த்தது.

"அக்கா, என்ர பிள்ளை..."

"கதையாதேயும். அடியும்."

மேலே சரசரவென்று ஏதோ கொட்டியது. இருவரும் உறைந்துபோய்க் கேட்டார்கள். மறுபடியும் சரசரப்பு. உப்பு. யாரோ நடைபாதையில் உப்புப் போடுகிறார்கள்.

கஜீவன் மிச்சமிருந்த உயிரையெல்லாம் கையில் கொண்டுவந்து அடித்தான்.

"கி எ லா?" என்று மங்கலாக ஒரு குரல். யார் அங்கே?

செலீன் பிரெஞ்சில் கத்தினாள். மேலே கடப்பாரையால் பனியைக் கொத்தும் சத்தம் கேட்டது. கொத்தக் கொத்தத் தகட்டின் ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் வந்தது. அந்தக் கீற்றில் இருவரும் மூக்கை வைத்து, நாய்க்குட்டிகள் மாதிரிக் காற்றை நக்கினார்கள். பிறகு தகடு கிளம்பியது. வெள்ளை மீசை தெரிந்தது. பெரிய கை ஒன்று இறங்கி, முதலில் செலீனை, பிறகு கஜீவனை, மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி வெளியே போட்டது.

கஜீவன் நடைபாதையில் மல்லாந்து கிடந்தான். முகத்தில் விழுந்த உறைமழை அத்தனை இனிப்பாக இருந்தது.

மார்செல் முழங்காலில் நின்று அந்தச் சதுர ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்றைக்கு மழையில்லை" என்றார். "நான் வெளியே வரவேயில்லை. வந்திருந்தால் அந்தப் பையனின் சத்தமும் கேட்டிருக்கும்."

"பொலிசைக் கூப்பிடுங்கள்" என்றாள் செலீன். "பின்கதவில் நில்லுங்கள். யாரையும் வெளியே விடவேண்டாம்."

சமையலறையில் இரவிச்சந்திரன் உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தார். ஒரே அளவு, ஒரே வேகம். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், தலையிலும் இமையிலும் பனி ஒட்டிக்கொண்டு இருவர் வாசலில் நிற்பதைக் கண்டார். கத்தி பலகையில் அப்படியே நின்றது.

"எண்ணெய் கொதிச்சு முடிஞ்சுதோ அண்ணை?" என்றான் கஜீவன். குரல் கரகரத்தது.

"தம்பி... என்ன... கதவு சாத்துப்பட்டுதோ? கல்லை வையுங்கோ எண்டு சொன்னனான் எல்லோ..."

"கீழை போன் வேலை செய்யாது" என்றாள் செலீன்.

அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. இரவிச்சந்திரனின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்புச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. பின்கதவைப் பார்த்தார். அதன் கண்ணாடியில் மார்செலின் பெரிய நிழல் விழுந்திருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த பால்பெட்டியில் உட்கார்ந்தார்.

"நான் கெட்டவன் இல்லைப் பிள்ளை" என்றார். "பனி கொட்டிக்கொண்டிருந்தது. மனுசி எங்கையிருந்து வந்ததெண்டு தெரியாது. யோசெப் 'நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ' எண்டு கத்தினான். என்ர கால் பிரேக்குக்குப் போகேல்லை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும், 'அண்ணை, பொலிசிட்டைப் போவம், அண்ணை, போவம்' எண்டு ஒரே கரைச்சல். நியூஸ் பார்க்கவும் எனக்குத் துணிவில்லை. செத்த மனுசி செத்துப்போச்சு. நான் மறியலிலை கம்பி எண்ணினால் அது எழும்பி வருமோ? எனக்கும் பிள்ளையள் இருக்கு."

"அண்டைக்கு யோசெப் என்ன சொன்னவர்?"

"ஓடி வந்தான். 'அண்ணை, உங்களோடை தனியக் கதைக்கவேணும், கீழை வாங்கோ' எண்டான். முகமெல்லாம் ஒரு வெளிச்சம். எனக்கு விளங்கிட்டுது, பொலிசிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வந்திருக்கிறான் எண்டு. அவன் முன்னாலை இறங்கினான். நான்... கதவைச் சாத்திப்போட்டன். பீப்பா மாத்தக் கழட்டின குழாய் உள்ளை கிடந்தது, வாயுவையும் திறந்துவிட்டன். அங்காலை நிண்டு தட்டித் தட்டி ஏதோ கத்தினான். அந்தக் கதவாலை ஒண்டும் விளங்காது."

செலீன் ஒரு கதிரையை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"யோசெப்பின்ர குளிர்ச்சட்டையிலை ஒரு ஸ்டிக்கர் கிடந்தது" என்றாள். "ஆஸ்பத்திரிக்கு ஆக்களைப் பார்க்கப் போனால் நெஞ்சிலை ஒட்டிவிடுவினமே, அது. காலமை நான் அங்கை போனனான். சொலாஞ்ச் எண்டு ஒரு ஹெயிட்டி மனுசி. இடுப்பெலும்பு உடைஞ்சது, பொருத்தியிருக்கினம். இப்ப பிடிச்சுக்கொண்டு நடக்கிறா."

இரவிச்சந்திரன் அவளைப் பார்த்தார். புரியாத பார்வை.

"தமிழ்ப் பெடியன் ஒருத்தன் வந்து கட்டிலடியிலை நிண்டு அழுதவன் எண்டு சொன்னா. காருக்குள்ளை தானும் இருந்ததாயும், நிக்காமல் போனதாயும் ஒப்புக்கொண்டவன். அவ அவனைப் பக்கத்திலை இருத்தி, தலையைத் தடவி விட்டவ. கார் ஓட்டின மனுசனையும் கூட்டிக்கொண்டு வா மகனே, பொலிசிட்டை நானும் கதைக்கிறன், பயப்படவேண்டாமெண்டு சொல் எண்டு அனுப்பினவ. அதைச் சொல்லத்தான் அவர் உங்களைத் தேடி ஓடி வந்தவர்."

அடுப்பில் எண்ணெய் சலசலத்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

"யோசெப் ஏறித் தப்ப வழி தேடேல்லை" என்றாள் செலீன். "கதவடியிலேயே முழங்காலிலை நிண்டிருக்கிறார். நீங்கள் திறப்பியள் எண்டு."

தூரத்தில் சைரன் கேட்டது. இரவிச்சந்திரனின் வாய் அசைந்தது.

"உயிரோடையோ?" என்றார். "மனுசி... உயிரோடையோ இருக்குது?"

"ஓம்" என்றாள் செலீன். "அதைத்தான் அவர் கதவுக்கு அங்காலை நிண்டு கத்தினவர்."